பச்சைக்கு அடியில் சிவப்பு

முதல் நாள்: கண்டி

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, ஏ9 வீதியின் மறுமுனையில் விடியும் நேரத்தில் இறங்கினேன். அந்த வீதி கண்டியில் தொடங்குகிறதா, யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறதா என்பது நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது.

ஏன் வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தேன். "டீச்சர், என்ன வரைவதென்று தெரியவில்லை" என்று நின்ற பிள்ளைகளிடமெல்லாம் "சன்னலுக்கு வெளியே தெரிவதை வரை" என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு அதே சன்னலில் நானே உட்கார்ந்தேன். வெளியே பனை. மறுநாளும் பனை. எங்கள் ஊர்ப் பச்சையில் பாதி சாம்பல். அதை வரையத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். சிக்கலே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தேன்.

மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் என் பழைய மாணவி சித்திர ஆசிரியையாக இருக்கிறாள். "ஒரு கிழமை வந்து நில்லுங்கள் டீச்சர், இங்கே பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாள். பையில் மூன்று பச்சை ட்யூப் வைத்துக்கொண்டேன்: சாப் கிரீன், விரிடியன், ஹூக்கர்ஸ் கிரீன். ஒரு டப்பாவில் கொஞ்சம் விளாம்பிசினும் போட்டுக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. வீட்டில் கிடந்தது, கை எடுத்து வைத்தது.

ரயில் நாளைக்குத்தான் என்பதால் தெகல்தொருவைக் குகை விகாரைக்குப் போனேன். கண்டிக்கு அருகில் ஒரு பாறைக்குள் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள். அந்த அரசன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி என்பதை நம்மவர்கள் மறக்காமல் சொல்வார்கள். ஓவியர் ஒரு துறவி, தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்று பெயர் நிலைத்திருக்கிறது.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் மரங்களைப் பார்த்தேன். ஒரு மரமும் காற்றில் ஆடவில்லை. இலைகளை எண்ணி எண்ணி வைத்ததுபோல ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது. வெற்றிடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு பூ. பின்னணி சிவப்பு. வானம் இருக்க வேண்டிய இடத்திலும் சிவப்பு, நிலம் இருக்க வேண்டிய இடத்திலும் சிவப்பு. அதன் மேல் அந்தச் சொற்பப் பச்சை எப்படி எழுந்து நிற்கிறது! காவலர் இரண்டு தடவை இருமும்வரை நின்றேன்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கு மக்குல் என்ற வெண்களிமண், மஞ்சளுக்கு கொக்கட்டு மரத்துப் பிசின், நிறத்தைச் சுவரில் பிடித்து வைக்க விளாம்பிசின். பையிலிருந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் நாள்: ரயில்

பொடி மெனிக்கே ரயில். மூன்றாம் வகுப்பு. வாசற்படி முழுவதும் வெளிநாட்டு இளைஞர்களின் கால்கள். என் சன்னலில் எனக்குக் கிடைத்தது ஒரு முழம் அகலம், அதுவே போதும்.

ஓடும் ரயிலில் வர்ணம் கரைக்கப் பார்த்து, தண்ணீரைப் பக்கத்துப் பையனின் சப்பாத்தில் ஊற்றியதோடு நிறுத்திவிட்டேன். பிறகு பென்சில். ஒரு வளைவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். பதினேழு பக்கம் நிரம்பியது. மலை என்று சொல்லத்தக்கது இரண்டு.

பட்டிப்பொல, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். ஏறும்போது மூடுபனி. அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். ரயில் மறுபக்கம் வெளியே வந்தபோது ஊவாவின் வெயில் மூஞ்சியில் அடித்தது. விளக்கைப் போட்டதுபோல. பெட்டி முழுவதும் "ஓ" என்றது, நானும்தான்.

அப்புத்தளையில் மாணவி குடையோடு நின்றாள். தலையில் இரண்டு நரை. அவளுக்கு நரை வந்ததை நான் ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள்: மூன்று நிறம்

மாணவியின் அம்மா நாற்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, தோளில் ஒரு நீளமான மெல்லிய கம்பு. நான் தோட்டத்துப் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்து எதிர்மலையை வரையத் தொடங்கினேன். சாப் கிரீனைத் தாராளமாகக் கரைத்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது ஒரு பிளாஸ்டிக் வாளியின் நிறம்.

பத்து மணித் தேநீருக்கு அவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், இது எந்த மலை?"

"இதுதான். எதிரே நிற்கிறதே, அது."

"அதில் மூன்று நிறம் இருக்கிறதே."

தோட்டத்தில் மலை என்றால் இலக்கமிட்ட ஒரு தேயிலைப் பகுதி, நமக்கு வயல் மாதிரி. நான் ஒரு மலை என்று பார்த்ததில் அவருக்கு மூன்று மலை இருந்தது. மேலே மஞ்சள் பாய்ந்து வெளிறித் தெரிவது நாளைக்கு எடுக்கப்போகும் மலை. கொழுந்து எழுந்து நிற்கிறது. நடுவில் கறுத்துக் கிடப்பது நேற்று எடுத்தது. மேல் இலை போய்விட்டதால் முற்றலின் நிறம் மட்டும் மிச்சம். கீழே பழுப்பும் சாம்பலுமாக இருப்பது கவ்வாத்து, அதாவது செடியைத் தறித்து வெட்டியது, அங்கே பச்சையே கிடையாது. ஒரு கிழமை போனால் மேலே இருப்பது கறுக்கும், நடுவில் இருப்பது வெளிறும். அந்த மலைச்சரிவு ஒரு நாட்காட்டி. எந்தச் சுற்றில் எந்த மலை நிற்கிறது என்று அவர் தூரத்திலிருந்தே வாசிக்கிறார். நான் அதன் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் வரைக்கும் அவர் பின்னால் நின்றேன். கிலோக் கணக்கு இருப்பதால் அவர் எனக்காக நிற்க முடியாது. போகிற போக்கில்தான் பாடம். அரும்பின் மேல் வெள்ளி மயிர் இருக்கிறது, வெயிலுக்குச் சாய்த்தால் தெரியும். முதல் இலையின் பச்சையில் மஞ்சள் கூட. இரண்டாவதில் பச்சை கெட்டிப்படுகிறது, ஆனால் இன்னும் ஒளி ஊடுருவும். மூன்றாவது இலை மினுங்கத் தொடங்கிவிட்டால் அதை விட வேண்டும். "நிறத்தைப் பார்த்து விரல் போகும் டீச்சர். விரல் சரி என்று சொன்னால்தான் ஒடிப்பேன்." இரண்டு கையும் இரண்டு பக்கம், அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு செடி முடிந்திருந்தது.

அந்த நீளக் கம்பு எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. மட்டக்கம்பு. செடிகளின் மேல் படுக்க வைத்து, அதற்கு மேலே எழுந்த கொழுந்தை மட்டும் எடுப்பது. அப்போதுதான் செடியின் மேல்பரப்பு சமமாக இருக்கும். தொடுவானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்த எனக்கு, இந்த மலைநாட்டில் கிடைத்த ஒரே நேர்கோடு அதுதான்.

இருவரும் ஒரே இலையைப் பார்த்தோம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் பொய். எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

பின்னேரம் பெரிய மலையை விட்டுவிட்டு லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கானின், அந்த வடிகாலின் கரையில் குந்தினேன். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1503இல் ஒரு பிடி புல்லை வரைந்தார். வயலோரத்தில் கால் வைத்து மிதிக்கும் களைகள், வேரும் மண்ணுமாக, எறும்பு நிற்கும் உயரத்திலிருந்து பார்த்ததுபோல. வகுப்பில் அதன் படத்தைக் காட்டி எத்தனை தடவை பேசியிருப்பேன். ஒரு நாளாவது அந்த உயரத்துக்குக் குனிந்திருக்கிறேனா என்று கேட்டால், இல்லை. முழங்கால் இன்றைக்குத்தான் அதைக் கண்டித்தது.

கான்கரையில் வல்லாரை, பாசி, பெயர் தெரியாத இரண்டு புல், ஒரு பன்னம். பன்னத்தின் இளம் குருத்து பச்சை இல்லை. செம்புச் சிவப்பு. மேலே பார்த்தேன், வேலியோரத்துக் கறுவாவின் தளிரும் சிவப்பு. பல செடிகளில் இளம் இலைக்கு முதலில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி வருகிறது, பச்சையம் பிறகுதான் நிறைகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதிதான். ஆனால் தெகல்தொருவையின் சுவர் எனக்கு அந்தக் கானில்தான் மறுபடி தெரிந்தது. பச்சையை மேலே மேலே பூசிக்கொண்டிருக்கிறேனே, அடியில் என்ன வைத்தேன்? வெள்ளைத் தாள்.

நான்காம் நாள்: மண்

லயத்துக்கு மேலே பாதை வெட்டிய இடத்தில் மண் பிளந்து நிற்கிறது. அடியில் சிவப்பு, அதற்கு மேல் மஞ்சள், உச்சியில் வேரும் கறுப்பும். ஒரு பால்மா டின் நிறைய வழித்துக்கொண்டு வந்தேன். சந்தோஷத்தில் "எவ்வளவு அழகான சிவப்பு, பாருங்கள்!" என்று அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் டின்னுக்குள் பார்த்தார். "எங்கே எடுத்தீர்கள்?"

சொன்னேன்.

"இரவு மழை பிடித்தால் அந்தச் சிவப்பைத்தான் டோர்ச் அடித்து அடித்துப் பார்ப்போம். தண்ணீர் சிவந்து வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம்."

கொஸ்லாந்தை இங்கிருந்து தூரமில்லை. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மூடியதும் மலையிலிருந்து இறங்கிய மண்தான். பத்திரிகையில் வந்த படங்களை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் முதலில் கண்ணில் பட்டது நிறம் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

டின்னைத் திருப்பிக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "கொட்டி என்ன? அங்கே நிறைய இருக்கிறது. செய்யுங்கள்" என்று அம்மியைக் கழுவித் தந்தார்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் வடிக்க வேண்டும். மூன்று தடவை. கடைசியில் படிவது முகப்பவுடர் மாதிரி இருக்கும். அதைக் காய வைத்து, அரைத்து, கரைத்த பிசினோடு குழைத்தால் வர்ணம். நீர்வர்ணம் வெடிக்காமல் இருக்கத் தேன் சேர்ப்பார்கள். தேன் இல்லை, கித்துள் பனையின் பாணி இருந்தது.

வெறும் வெயிலில் இந்த மலையில் எதுவும் காயாது. அடுப்பருகே வைத்தோம். அடுப்பில் எரிவது மிலார், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. அப்போதுதான் மாணவிக்கு ஒரு யோசனை. மஞ்சள் மண்ணை ரொட்டிச் சட்டியில் போட்டு வறுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓரம் சிவக்கத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் சட்டி முழுவதும் செங்கல் நிறம். இரும்பின் வேலை இது. மஞ்சள் மண்ணின் இரும்பில் நீர் கட்டுண்டு கிடக்கிறது, சூட்டில் அந்த நீர் போனால் சிவப்பு. கடையில் ரோ சியன்னா, பர்ன்ட் சியன்னா என்று இரண்டு ட்யூப்பாக விற்பதும் இதே கதைதான். நான் அதை எத்தனையோ வருடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

"மண்ணில் ரொட்டி சுட்டது நாங்கள்தான் முதல் ஆள்" என்றார் அம்மா. அந்தச் சட்டியில் இரவு ரொட்டி சுடவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள்.

ஐந்தாம் நாள்: மழை

பங்குனி மழை, மத்தியானம் பிடித்தது இரவுவரை. பூசிய தாள் ஒன்றும் காயவில்லை. இரண்டாவது பூச்சு முதலாவதில் இறங்கிப் பூக்கோவா மாதிரி விரிந்தது.

ஆங்கில ஓவியர் கொன்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் வானத்தை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்தார். பலவற்றின் பின்பக்கம் நாள், நேரம், காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை நானும் கடைப்பிடிக்கிறேன். இன்றைய தாள்களின் பின்பக்கங்களில்: "பி.ப. 2.10, காற்று இல்லை, காயவில்லை." "பி.ப. 3.30, தென்காற்று, காயவில்லை." "பி.ப. 5.00, எறும்பு." கித்துள் பாணியை நான் மறந்தாலும் எறும்பு மறக்கவில்லை. சிவப்புப் பூச்சின் மேல் வரிசையாக வந்து ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

இரவு மாணவி கேட்டாள்: "அடியில் சிவப்பு வைத்தால் மேலே பச்சை அழுக்காகாதா?" நியாயமான கேள்வி, ஈரத்தில் கலந்தால் சேறுதான். காய்ந்த பிறகு மெல்லிசாக மேலே போனால், இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். பழைய இத்தாலிய ஓவியர்கள் இதையே மறுபக்கமாகச் செய்தார்கள். மனித முகத்துக்கு அடியில் பச்சை மண்ணைப் பூசி, மேலே ரோஜாச் சிவப்பு. மேல் பூச்சு தேய்ந்துபோன படங்களில் மாதாவின் முகம் பச்சையாக நிற்கிறது.

"அப்போது அவர்களுக்கு முகம், நமக்குத் தேயிலை" என்றாள். இவளுக்கு நான் அந்தக் காலத்தில் இன்னும் கூடப் புள்ளி போட்டிருக்கலாம்.

இரவு அம்மா இரண்டு தடவை எழுந்து டோர்ச்சோடு வெளியே போய் வந்தார். கானில் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது.

ஆறாம் நாள்: ஹோட்டன் சமவெளி

இவ்வளவு தூரம் வந்துவிட்டு உலக முடிவைப் பார்க்காமல் போகலாமா என்று எல்லோரும் சொன்னார்கள். இருட்டோடு வான் பிடித்துப் போனோம். வாசலில் பொலித்தீனைச் சோதிக்கிறார்கள், என் தூரிகைகளின் உறையும் போனது. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன்.

உலக முடிவில் சுமார் 880 மீட்டர் செங்குத்துப் பள்ளம் இருக்கிறதாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி முந்திவிட்டது. அரை மணி நேரம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விலகியிருந்தாலும் நான் வரைந்திருப்பேனா என்பது சந்தேகம். பெயர்ப்பலகை வைத்த அழகுக்கு முன்னால் என் கை வேலைநிறுத்தம் செய்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் திரும்பும் வழியில் காட்டின் மேல்தட்டைப் பார்த்தேன். 2,000 மீட்டருக்கு மேலே மரங்கள் குட்டையாகி, கிளை முறுக்கி, தலை குடை விரித்ததுபோலத் தட்டையாக நிற்கின்றன. இலை சின்னது, தடித்தது. கிளையெல்லாம் பாசியும் தாடி மாதிரித் தொங்கும் கற்பாசியும். அந்தத் தலைகளின் நுனி முழுவதும் தளிர்ச் சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு. கானில் ஒரு பன்னத்தில் பார்த்தது இங்கே ஒரு மலை முழுவதும். இடையிடையே பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பாக நிற்கின்றன. இங்கே மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போவதைப் பற்றி ஆய்வாளர்கள் பல வருடமாகப் பேசுகிறார்கள்.

மாணவி வானில் தூங்கிவிட்டாள். நான் பத்தனை என்ற மலைப் புல்வெளியின் மஞ்சளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

ஏழாம் நாள்: ஒரு செடி

காலையில் மூன்று பச்சை ட்யூப்பையும் மாணவியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதில் என்ன வாளி செய்தாலும் பரவாயில்லை.

தாள் முழுவதும் முந்தாநாளே சிவப்பு மண் பூசி அடுப்படியில் காய வைத்திருந்தேன், எறும்பு தின்ற மூலையோடு. அதை எடுத்துக்கொண்டு பாதையோரத்தில் ஒரே ஒரு தேயிலைச் செடிக்கு முன்னால் குந்தினேன். பச்சையை பிரஷ்யன் ப்ளூவிலும் வறுக்காத மஞ்சள் மண்ணிலும் கலந்து எடுத்தேன். முற்றலுக்கு நீலம் கூட, இளசுக்கு மண் கூட. கிளைக்கறுப்புக்கு அடுப்புக் கரி. நுவரெலியாப் பக்கத்துச் சீதா எலியாவில் அனுமார் வைத்த நெருப்பில் மண்ணே கறுத்துப்போயிற்று என்று கதை சொல்வார்கள், அங்கே போயிருந்தால் அதுவும் ஒரு டின் எடுத்திருக்கலாம் என்றாள் மாணவி. அதற்கு ரயில் நேரம் இடம் கொடுக்கவில்லை.

நான்கு மணி நேரம். செடியின் உள்ளே, இலைக்கும் இலைக்கும் இடையில், சிவப்பைத் தொடாமல் விட்டேன். அங்கே உண்மையிலும் மண்தான் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்த நாளில் அது எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வந்தார். கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பினார். தாளில் படாமல் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது முற்றல். இதுவும் முற்றல். இதை எடுத்துப் போட்டால் தேயிலை ஸ்டோரில் ஏச்சு விழும். இது பரவாயில்லை, ஆனால் நாளைக்கு விட்டால் போய்விடும்."

விரல் வலது பக்கத்து மேல் ஓரத்தில் நின்றது. நான் அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் பிறகு சரிசெய்யலாம் என்று மறந்துபோன இடம். பூச்சு மெல்லிசு, அடியில் மண் அப்படியே தெரிகிறது.

"இதை எடுக்கலாம்."

விரலும் பெருவிரலும் காற்றில் ஒரு தடவை ஒடித்தன. தாளைத் திருப்பித் தந்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனார்.

பின்பக்கத்தில் எழுதினேன்: பி.ப. 4.40, கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, காய்ந்துவிட்டது. ஒரு கொழுந்து.